உங்களுக்குத் தெரியுமா? சிறு வயிறு, பெரும் பசி

ஒரு கிலோ எடையுள்ள பொமரேனியன் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 210 கலோரி வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள லாப்ரடார் குட்டிக்கு 1,180 கலோரி. பத்து மடங்கு உடம்புக்குப் பத்து மடங்கு தீனி என்றால் 2,100 அல்லவா வர வேண்டும்? மீதி எங்கே போயிற்று? உடம்பு சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு கிலோவும் எரிக்கும் சக்தி கூடுகிறது என்பதுதான் விடை. கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டியானால் வருகிற விடையை மும்மடங்காக்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு இரு மடங்கு போதும். கணக்கு மறந்துபோனாலும் பாதகமில்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன ஜாதிக் குட்டிதான் பெருந்தீனிக்காரன் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

●

அந்த 210 கலோரியைக் குட்டிகளுக்கான உலர் உணவில் கொடுத்தால் 50 முதல் 55 கிராம் வரைதான் வரும். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 13 கிராம். உள்ளங்கைகூட நிறையாது. "இவ்வளவுதானா?" என்று மனசு கேட்காமல் இன்னொரு பிடி போடுவது நம் வழக்கம். சமையலறைத் தராசு ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். உணவுப் பையோடு கிடைக்கும் அளவுக் கோப்பை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி.

●

சின்ன ஜாதிக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் காலையில் மயங்கிக் கிடக்கலாம். இது மிகைப்படுத்தல் இல்லை. சிவாவா, டாய் பூடில், யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன் போன்றவை மூன்று, நான்கு மாதம் ஆகும் வரை ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தில் இருப்பவை. ஈரலில்தான் உடம்பு சர்க்கரையைச் சேமிக்கும். இவற்றுக்கு ஈரல் சிறியது, தசையும் குறைவு, மூளையோ உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. வரவு கொஞ்சம், செலவு ஏராளம்.

அறிகுறிகள்: தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாத மந்தம், கடைசியில் வலிப்பு. உடனே செய்ய வேண்டியது, விரலில் தேனையோ சர்க்கரைப் பாகையோ எடுத்து ஈறில் தடவுவது. மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். குட்டி எழுந்து வாலாட்டிவிட்டது என்பதற்காகப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். தடவிய சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோகும்.

லோக்கல் பிடித்து வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள ஊர் அம்பர்நாத். மும்பை வி.டி. ஸ்டேஷன் போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, இடையில் வேலை நேரம் வேறு. பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்குமானால் இரண்டு மாதத்துச் சிவாவா உங்கள் வீட்டுக்கானதல்ல. கொஞ்சம் வளர்ந்ததை வாங்குங்கள், அல்லது மதியம் வந்து சோறு வைக்க ஓர் ஆளைப் பாருங்கள்.

●

தயிர்சாதம். மாட்டுங்காவிலிருந்து அம்பர்நாத் வரை தமிழ் வீட்டு நாய்களின் தேசிய உணவு இதுதான். "எங்க வீட்டு டாமி தயிர்சாதம் தின்னே பதினாலு வருஷம் இருந்துச்சு மாமி" என்று சொல்லாத ஆள் கிடையாது. அதில் பொய்யும் இருக்காது. நாய் சோறு தின்னப் பழகிய பிராணிதான். 2013இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அதைக் காட்டிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணுவுக்கு ஓநாயிடம் இரண்டு படிகள்தான் உண்டு. நாயிடம் நாலு முதல் முப்பது வரை. மனிதன் பயிரிட ஆரம்பித்த பிறகு அவன் வீசிய மிச்சத்தைத் தின்று தேறியவையே நம் நாய்கள்.

சிக்கல் சோற்றில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒரு கிலோ குட்டிக்குத் தேவையான 210 கலோரியைத் தயிர்சாதத்தில் தர வேண்டுமானால் சுமார் 200 கிராம் ஊட்ட வேண்டும். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! அறுபது கிலோ ஆள் ஒரே நாளில் பன்னிரண்டு கிலோ சாப்பிடுவதற்குச் சமம் அது. குட்டியால் முடியாது. வயிறு உப்பிவிடும், சக்தி போதாது. புரதக் கணக்கும் இடிக்கிறது. அரிசியில் புரதம் 7, 8 சதவிகிதம்தான். வளரும் குட்டிக்கு, நீர் நீக்கிய உணவில் குறைந்தது 22.5 சதவிகிதம் வேண்டும். டாமி தயிர்சாதத்தில் பதினாலு வருஷம் ஓட்டியிருக்கலாம். ஆனால் எலும்பு வளர்ந்த முதல் ஆறு மாதம் அது வேறு என்னவெல்லாம் பொறுக்கித் தின்றது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

●

தாய் நாயின் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 9 சதவிகிதம், புரதம் 7.5 சதவிகிதம். பசும்பாலில் இரண்டும் 4 சதவிகிதத்துக்குள் அடங்கிவிடும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் தலைகீழ். நாய்ப்பாலில் 3 சதவிகிதத்துக்குச் சற்று மேல், பசும்பாலில் 5 சதவிகிதத்தை நெருங்கும். பால் மறந்த குட்டிக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். தட்டு நிறையப் பால் வைத்தால் மறுநாள் வீடெல்லாம் கழிச்சல். மும்பைப் பக்கத்து தபேலா மாட்டுத் தொழுவங்களிலிருந்து வருவது எருமைப்பால் ஆயிற்றே, கெட்டியாக இருக்குமே என்று கேட்கலாம். கொழுப்பு கூடுதல்தான், லாக்டோஸில் சலுகை இல்லை. தயிரும் மோரும் பரவாயில்லை, புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது.

●

குளுக்கோஸ் பிஸ்கட் நாலு என்பது சுமார் 20 கிராம், சுமார் 90 கலோரி. ஒரு கிலோ குட்டியின் ஒரு நாள் தேவையில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். அதில் புரதம் 6, 7 சதவிகிதம், மீதியெல்லாம் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். பதினோராம் நூற்றாண்டுச் சிவன் கோயில் உள்ள ஊர் அம்பர்நாத். கல்வெட்டு சொல்லும் ஆண்டு 1060. பைரவர் வாகனத்துக்குப் பிஸ்கட் போட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களைத் தடுக்க எனக்குத் தெம்பில்லை. தெருவில் போடுங்கள், வீட்டுக் குட்டிக்கு வேண்டாம்.

●

நாய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் தர வேண்டியதில்லை. வைட்டமின் சி அதன் ஈரலிலேயே தயாராகிறது. நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. வைட்டமின் டி விஷயத்தில் நிலைமை மாறுகிறது. வெயிலில் நின்றால் நம் தோல் அதைத் தயாரித்துக்கொள்ளும், நாயின் தோலால் போதிய அளவு முடியாது. உணவில்தான் வர வேண்டும்.

●

உணவுப் பையின் முன்பக்கத்தில் கொழுகொழு நாய் சிரிக்கும், கோழித் தொடை பளபளக்கும், காரட்டும் பட்டாணியும் சிதறிக் கிடக்கும். படித்துப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. பையைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, யாருக்கான உணவு என்பது. 'பப்பி', 'வளர்ச்சிக்கு', 'எல்லா வயதுக்கும்' என்று இருந்தால் வாங்கலாம். 'அடல்ட்' என்று மட்டும் இருந்தால் அது எவ்வளவு உசத்தியானாலும் குட்டிக்கு ஆகாது. அமெரிக்காவில் ஏஏஎஃப்சிஓ என்ற அமைப்பு வகுத்த வரையறையைத்தான் உலகின் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதன்படி நீர் நீக்கிய கணக்கில் குட்டிக்குப் புரதம் குறைந்தது 22.5, கொழுப்பு 8.5 சதவிகிதம். வளர்ந்த நாய்க்கு 18, 5.5 போதும். குட்டி உணவில் கால்சியம் குறைந்தது 1.2 சதவிகிதம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வாக்கியம். ஆங்கிலத்தில்தான் இருக்கும், தேடிப் பாருங்கள். 'ட்ரீட்' என்றோ 'துணை உணவு' என்றோ இருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு ஆகாது. கடையில் அழகழகான பொட்டலங்களில் தொங்குகிற கோழி ஜெர்க்கியும் பால் எலும்பும் இந்த ரகம். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. ஒரு கிலோ குட்டிக்கு அது வெறும் 21 கலோரி. ஒரு பிஸ்கட்டோடு கணக்கு முடிந்தது.

மூன்றாவது, ஈரப்பதம். 24 சதவிகிதப் புரதம் உள்ள உலர் உணவும் 8 சதவிகிதப் புரதம் உள்ள கிரேவி பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எது உசத்தி? முதலாவதில் தண்ணீர் 10 சதவிகிதம், நீர் நீக்கினால் புரதம் 27 சதவிகிதத்தை நெருங்கும். இரண்டாவதில் தண்ணீர் 80 சதவிகிதம். மிச்சமுள்ள 20இல் 8 புரதம், அதாவது 40 சதவிகிதம். ஆனாலும் ஒரு நாள் தேவையைக் கிரேவியில் மட்டும் தர நினைத்தால் பர்ஸ் தாங்காது. உலர் உணவின் மேல் ஒரு கரண்டி ஊற்றிப் பிசைவதுதான் பெரும்பாலோர் செய்வது, அதில் தப்பில்லை.

உட்பொருள் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. எடை அதிகமானது முதலில் வரும், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியில் எழுபது சதவிகிதம் தண்ணீர். முதலிடத்தில் 'சிக்கன்' இருந்துவிட்டால் பையெல்லாம் சிக்கன் என்று துள்ள வேண்டாம். தண்ணீர் போன பிறகு அது பின்னே இருக்கும் சோளத்துக்கும் பின்னால் போய் நிற்கக்கூடும்.

●

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42. நாலு முதல் ஆறு, ஏழு மாதத்துக்குள் பல் மாறும். சின்ன ஜாதியில் பால் பல் விழாமல் அடம் பிடித்துப் புதுப் பல்லோடு ஜோடியாக நிற்பது சகஜம். பல் மாறும் அந்தச் சமயத்தில் பெரிய உலர் உணவு உருண்டைகளைக் கொடுத்தால் குட்டி முகர்ந்துவிட்டுப் போய்விடும். உடனே "இந்த பிராண்ட் பிடிக்கலை" என்று அடுத்த பை வாங்குவோம். பிடிக்காதது பிராண்ட் இல்லை, உருண்டையின் பருமன். 'ஸ்மால் ப்ரீட்' என்று போட்ட பையில் உருண்டை சிறிதாக இருக்கும், கலோரி செறிவும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டுதான். கூடுதல் விலைக்கு வேறு மாயம் எதிர்பார்க்காதீர்கள்.

●

2003இல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்ததே, அந்தச் சப்பை மூக்கு பக் நாய்தான் இந்திய நகர வீடுகளுக்குள் புகுந்த பல ஆயிரம் பக்குகளுக்கு மூலம். பக், ஷிட்சூ போன்ற தட்டை முகத்துக் குட்டிகளுக்கு ஆழமான கிண்ணத்தில் உணவு எட்டாது, மூக்கு இடிக்கும், மூச்சு வாங்கும். தட்டையான தட்டு வையுங்கள். பக்குக்குப் போதும் என்று சொல்லவே தெரியாது. அது கேட்பதையெல்லாம் கொடுத்தால் ஒரு வருடத்தில் பூசணிக்காய்தான்.

●

நீங்கள் 'பாம்' என்று வாங்கி வந்தது பொமரேனியனாகவே இல்லாமல் இருக்கலாம். பொமரேனியன் வளர்ந்தாலும் மூன்றேகால் கிலோவைத் தாண்டாத குள்ளன். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை ஐந்து முதல் பத்துக் கிலோ வரை வரும் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்ற டஃபியும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். இது கௌரவப் பிரச்சினை இல்லை, நம் வெக்கைக்கு ஸ்பிட்ஸ் தோதானது. உணவு அளவுதான் மாறும். பையின் பின்பக்க அட்டவணை 'வளர்ந்த பின் எடை' என்றுதான் கேட்கும். பாம் என்று நினைத்து மூன்று கிலோ வரிசையைப் பார்த்தால் ஸ்பிட்ஸ் குட்டி அரைப் பட்டினி. தாயைப் பார்த்துவிட்டு வாங்கினால் இந்தக் குழப்பம் வராது.

●

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி. தமிழ்நாட்டில் பெயர் பெற்ற நாய்களில் ஒன்றுகூட மடியில் வைக்கும் ஜாதி இல்லை. மடியில் அமரும் நாய்க்கு என்ன போடுவது என்று நம் பாட்டிமாருக்குத் தெரியாமல் போனது அவர்கள் குற்றமா?

●

நாய் சிறுத்தது மனிதன் கைவேலை மட்டும் இல்லை. உடம்பைச் சிறிதாக்கும் ஒரு மரபணு மாற்றத்தை 2022இல் ஆய்வாளர்கள் எங்கே கண்டார்கள் தெரியுமா? சைபீரியாவில் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயின் எச்சத்தில். நாய் என்ற பிராணி உருவாவதற்கு முன்பே குள்ளத்துக்கான விதை இருந்திருக்கிறது.

●

நாய்க்கென்று தனியாக பிஸ்கட் செய்து விற்ற முதல் பெரிய வியாபாரி ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். இடிதாங்கி விற்க இங்கிலாந்து போனவர். 1860 வாக்கில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டு ரத்தம் சேர்த்து பிஸ்கட் போட்டார். அவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட்தான் பின்னாளில் 1891இல் லண்டனில் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். இன்று நாம் வாங்கும் உப்பிய உருண்டைகள் 1957இல் அமெரிக்காவில் புரினா கம்பெனி கொண்டுவந்த முறை. மாவை அழுத்தத்தில் வேகவைத்துத் துளை வழியே பிதுக்கினால் வெளியே வந்ததும் பொரிந்துகொள்ளும். சிப்ஸ் கடைப் பொட்டலங்களில் வரும் பொரித்தீனியில் பலவும் இதே சங்கதி.

●

ஜூன் பிறந்தால் அம்பர்நாத்தில் அப்பளம்கூட நமத்துப்போகும். நாய் உணவு மட்டும் விதிவிலக்கா? உலர் உணவில் ஈரம் 10 சதவிகிதம் இருக்கும் வரை பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. காற்றிலிருந்து ஈரம் ஏறினால் சோளமும் கோதுமையும் பூஞ்சைக்கு விருந்து. அவற்றில் சிலவகை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தின்னும். அமெரிக்க அரசு நாய் உணவில் அதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 கோடிப் பங்கில் 20 பங்கு. அங்கேயே 2020 இறுதியில் இந்த நஞ்சு கலந்த உணவால் எழுபதுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன, லாரி லாரியாகச் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆகவே லூஸில் வாங்காதீர்கள். பெரிய மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு கிலோக் கணக்கில் அள்ளிப்போடும் பழக்கம் கடைகளில் உண்டு. விலை குறைவு, மறுக்கவில்லை. அந்த மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது, காலாவதித் தேதி என்ன, உள்ளே இருப்பது குட்டி உணவா வளர்ந்த நாய் உணவா, ஒன்றும் தெரியாது. மூட்டைமேல் ராத்திரி எலி ஓடியிருந்தால்? எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் மழைக்கால மும்பைக்குப் புதிதல்ல. அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும்.

சின்னக் குட்டிக்குப் பெரிய பை வாங்குவதும் வீண் சிக்கனம். இரண்டு கிலோ குட்டி நாளொன்றுக்குத் தின்பது சுமார் 90 கிராம். பத்துக் கிலோப் பை நூறு நாளுக்கு மேல் ஓடும். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது, அதற்குப் பிறகு கொழுப்பு காறல் அடிக்கத் தொடங்கும். மூன்று கிலோப் பை கச்சிதம். டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். பையின் உட்பூச்சு கொழுப்பைக் காப்பதற்கென்றே போட்டது. டப்பாவின் அடியில் ஒட்டிய பழைய எண்ணெய்ப் பிசுக்கு புதுச் சரக்கையும் கெடுக்கும். பிரித்த கிரேவியை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

●

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. ஏன் என்பது மட்டும் பல காலம் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021இல் சொன்னார்கள். 2022இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது. நம் புளி! டார்டாரிக் அமிலம் புளியில் ஏராளம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதான நிகழ்வுகளை அதில் பதிவு செய்திருக்கிறார்கள்.

புளியோதரை, வத்தக்குழம்பு, ரசம், சாம்பார் என்று நம் சமையலில் பாதி அதிலேயே நிற்கிறது. "மிச்ச சாம்பார் சாதத்தை ஜிம்மிக்குப் போடு" என்பதை இன்றோடு விட்டுவிடலாம். சாம்பாரில் வெங்காயம் வேறு. கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே நாயின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும் என்கிறது நச்சியல். இரண்டு கிலோ குட்டிக்கு 30 கிராம், ஒரு நடுத்தர வெங்காயத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேகவைத்தாலும் வீரியம் போகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொள்ளும். பூண்டு இன்னும் வீரியமானது. வடாபாவில் ஒரு விள்ளல் பிய்த்துப் போடும்போது உள்ளே தடவிய பூண்டுச் சட்னியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மில்க் சாக்லேட் 20 கிராம் இரண்டு கிலோ குட்டியைப் படுக்கவைக்கும், கறுப்புச் சாக்லேட் அதைவிடக் குறைவாகவே போதும். டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு குப்பையில் கொட்டும் ஃபில்டர் சக்கையிலும் காஃபின் மிச்சமிருக்கிறது, குப்பைக் கூடைக்கு மூடி வேண்டும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் இருந்தால் ஒரே ஒரு வில்லை சின்னக் குட்டியின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும். சக்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் திராட்சை இருக்கிறது. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

●

வீட்டுச் சமையல்தான் போடுவேன் என்பவர்கள் கவனத்துக்கு. 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் செய்முறைகளைச் சோதித்தார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் வந்தவை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. 95 சதவிகிதத்தில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது.

கோழியும் சோறும் போட்டால் முதலில் அடிவாங்குவது கால்சியம். கோழிச் சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் பெயருக்குத்தான். அந்த விகிதம் கவிழ்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். சோபாவிலிருந்து குதித்த குட்டிக்குக் கால் முறிவது இப்படித்தான். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கழுவி, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தால் செலவில்லாத மருந்து. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். முட்டையை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டின் சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

சைவ வீடுகளில் பன்னீர், முட்டை, பருப்பு என்று சமாளிக்கப் பார்க்கிறார்கள். வளர்ந்த நாய்க்கு மருத்துவர் வகுத்துத் தந்தால் அது நடக்கும். வளரும் குட்டியிடம் பரிசோதனை வேண்டாம். மடியாக இருக்கும் பாட்டிக்கு உலர் உணவு ஒருவிதத்தில் சௌகரியம், சமையலறைக்குள் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

●

கடைக்காரர் குட்டியோடு ஒரு கால்சியம் சிரப்பையும் நீட்டுவார். முழுமையான குட்டி உணவு தின்னும் குட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். விற்பனை லாபத்தைத் தவிர அதில் வேறு சத்து கிடையாது.

●

மத்தி மீனில் டி.ஹெச்.ஏ. என்ற கொழுப்பு நிறைய. மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது என்று விலை கூடிய குட்டி உணவுகளில் இதைத்தான் பெருமையாக அச்சிடுகிறார்கள். மராட்டியில் மத்தியின் பெயர் தார்லி, மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். உப்பு, புளி, மசாலா இல்லாமல் அவித்து, முள் நீக்கி, வாரம் ஓரிரு முறை ஒரு துண்டு.

●

'கிரெய்ன் ஃப்ரீ', அதாவது தானியம் இல்லாதது என்று ஒரு மோகம் வந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் பதில் பட்டாணியும் பயறும் போட்ட உணவு. அத்தகைய உணவுக்கும் நாய்களின் இதயம் வீங்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரணை தொடங்கியது. முடிவான தீர்ப்பு வரவில்லை. தானியம் ஒத்துக்கொள்ளாத நாய்கள் மிகச் சொற்பம் என்பதால் நம் வீட்டுக் குட்டிக்கு அந்த ஆடம்பரம் எதற்கு?

●

குண்டுக் குட்டி ஆரோக்கியக் குட்டி இல்லை. விலாவில் கை வைத்து லேசாக வருடினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். 48 லாப்ரடார்களை வைத்துப் பதினாலு வருடம் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. கூடப் பிறந்ததைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன.

வயிறு மட்டும் பானையாக, விலா எலும்பு தெரிகிறதா? அது உணவுக் குறை இல்லாமலும் இருக்கலாம். தாயிடமிருந்தே குட்டிக்கு நாக்குப்பூச்சி வந்துவிடும். இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும் என்பது அதனால்தான். பூச்சி இருக்கும் வரை எந்த பிராண்டும் உடம்பில் ஒட்டாது.

●

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பது இந்தியாவில் விதிமீறல். நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள், 2017இல் இது இருக்கிறது. விதிகளுக்குத் தாய்ச் சட்டம் 1960இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதற்கு முன்னோடியாக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. "முப்பது நாள் குட்டி, பால் பாட்டிலில் பழக்கிடலாம்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். முப்பது நாளுக்குப் பிறகு தாயோடு இருக்க வேண்டிய அந்த நாலு வாரத்தில்தான் குட்டி கெட்டி உணவு தின்னக் கற்கிறது.

●

பரேலில் 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே காலத்துப் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் நம் மத்திய ரயில் பாதையை ஒட்டியே இருக்கின்றன. மகாலட்சுமியில் 2024இல் டாட்டா அறக்கட்டளைகளின் சிறு விலங்கு மருத்துவமனையும் வந்துவிட்டது. குட்டி தளர்ந்துபோனால் அவ்வளவு தூரம் ஓட நேரம் இராது, அம்பர்நாத்திலோ கல்யாணிலோ ராத்திரியிலும் போன் எடுக்கும் ஒரு டாக்டரின் எண்ணைக் குட்டி வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

●

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. இதுவரை குட்டி என்ன தின்றது, எத்தனை வேளை, எவ்வளவு? அந்த உணவு சுமாரானதாகவே இருந்தாலும் ஒரு வாரத்துக்கானதைக் கையோடு வாங்கி வாருங்கள். வீடு மாறிய பதற்றத்தோடு உணவும் மாறினால் கழிச்சல் நிச்சயம். இரண்டு நாள் பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் பங்கு, ஏழாம் நாள் முழுக்கப் புதியது. உணவின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் தெளியுங்கள். நம் நாக்கில் 9,000 சுவை மொட்டுகள் என்றால் நாய்க்கு 1,700 சொச்சம்தான், அது மணத்தை வைத்தே சாப்பிடுகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் சின்ன ஜாதி வளர்ச்சியை முடித்துவிடும். அப்போது டாக்டரைக் கேட்டு 'அடல்ட்' பைக்கு மாறிக்கொள்ளுங்கள்.